முதல் பந்திப் பாதுஷா

மூன்று நாளாக ஜோதி பாலுக்கு உறை ஊற்றவில்லை. ஊற்றக் கூடாது என்று உத்தரவு.

உறையூர் வீட்டின் பின்கட்டில், அண்டாக்களுக்கு நடுவே, பதினோரு வருடமாக அவள் ராஜாங்கம் நடத்திய மூலை காய்ந்துபோய்க் கிடந்தது. ‘செல்லம் கல்யாண சமையல்’ எந்த ஊரில் பந்தி போட்டாலும் கடைசியில் இலையில் விழும் தயிர்சாதம் அவள் கைப்பக்குவம். சாம்பாரைத் திட்டியவர்கள் உண்டு. ரசத்தை ஆற்றில் கொட்டச் சொன்னவர்கள் உண்டு. தயிரைப் பற்றி இதுவரை ஒரு சம்பந்திகூட வாய் திறந்ததில்லை. சம்பந்திகளே வாய் திறக்காத பண்டத்துக்கு அதற்குமேல் என்ன நற்சான்று வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை வரை கதை அப்படித்தான் இருந்தது.

அன்று காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில், முசிறி வாழைக்காய் மண்டிக்காரர் மதுரைவீரன் தன் ஒரே மகள் வைஷ்ணவிக்குக் கல்யாணம் செய்துவைத்தார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள், சாப்பிட்டவர்களில் அறுபத்துமூன்று பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மறுவீட்டுக்குப் போக ஜோடித்து நின்ற காரில் மணப்பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாப்பிள்ளையின் அக்கா மகன், நாலு வயசு, மூன்று நாள் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டானாம்.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் சகாயநாதன் வந்தார். மீந்திருந்த தயிரில் ஒரு புட்டியும், சமையல் ஆட்கள் பதினாலு பேரிடமும் ஆளுக்கொரு டப்பா மலமும் வாங்கிக்கொண்டு போனார். முடிவு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்றார்.

செல்லக்கண்ணுவுக்கு எதற்கு வெள்ளிக்கிழமை? ஜோதி புருஷனின் அண்ணன் அவர். கம்பெனிப் பெயரில் பாதி அவர் பெயர். செவ்வாய் மாலையே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். தயிர்தான். பங்குனி வெயில், பால் பண்டம், வேறென்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மதுரைவீரன் வருவார். அவர் முன்னால் ஜோதி நின்று, என் தயிரால்தான் வந்தது என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அதோடு சமையல்கட்டுப் பக்கம் அவள் வரக் கூடாது. தயிர் இனிமேல் வாளி வாளியாகக் கடையிலிருந்து வரும்.

இதைச் சொல்லும்போது அவர் கையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பாட்டில் இருந்தது. தினமும் காலையில் ஒன்று, விசேஷ நாளில் இரண்டு. அதற்குள் நல்ல கிருமிகள் நீந்துவதாக ஐதீகம். ஏதோ ஒரு சங்கம் ‘குடல் நலச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்ததிலிருந்து செல்லக்கண்ணுவுக்கு உலகமே ஒரு பெரிய குடலாகத் தெரிந்தது. கல்யாண வீடோ காதுகுத்தோ, மைக் கிடைத்தால் போதும். மனிதக் குடலில் நூறு லட்சம் கோடி நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, என் குடலில் அவை ராணுவம்போல அணிவகுத்து நிற்கின்றன, எந்த வியாதியும் என் எல்லைக்குள் கால் வைக்க முடியாது என்று அரை மணி நேரம் முழங்கிவிட்டுத்தான் சாப்பிட அனுப்புவார். கேட்டவர்கள் பசியே அடங்கிவிட்டது என்பார்கள். அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்திலிருந்து போன். பாத்திரமெல்லாம் ஐந்து நாளாகக் கிடக்கிறது, எடுக்கிறீர்களா, காயலான் கடைக்குப் போடட்டுமா என்று கேட்டார்கள்.

“உன் தயிர் அண்டாவ நீயே போய் எடுத்துட்டு வா” என்றார் செல்லக்கண்ணு, ஜோதியின் முகத்தைப் பாராமல். அண்டாவுக்கும் அவளுக்கும் சேர்த்து வழியனுப்புகிற குரல்.

புருஷன் சரவணன் விடிந்ததும் பொன்மலைக்குப் போயிருந்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வளைகாப்பு; ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் குட்டியானை வண்டியோடு நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. ஜோதி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போய் இறங்கினாள்.

மண்டபத்து வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அறுத்தது. துடைப்பத்தோடு நின்ற மண்டபத்துத் துப்புரவுக்காரி லூர்துராணி, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதான் அந்தத் தயிர்க்காரம்மாவா?”

ஜோதி ஆமாம் என்றாள்.

“மாப்பிள்ள வீட்டாளுங்க எட்டு ரூம்ல தங்கியிருந்தாங்க. எட்டையும் நான்தான் கழுவுனேன். உங்காளுங்கள்ல ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தீங்களா?”

ஜோதி அண்டாவை உருட்டினாள். திட்டுகிறவளுக்கு எதிர்ப்பேச்சு வராவிட்டால் கோபம் இரட்டிப்பாகும். லூர்துராணி பின்னாலேயே வந்தாள்.

“தயிராலதான்னு வேற சொல்லிட்டுத் திரியறீங்களாம். நான் மூணாம் பந்தியில உக்காந்தேன். தயிர்சாதம் ரெண்டு தடவ வாங்குனேன். வாட்ச்மேன் அப்துல் ஹலீம் பாய் மூணு தடவ வாங்குனாரு. எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? எங்க வயிறு என்ன வெண்கலத்துல வார்த்ததா?”

அண்டா நின்றது. ஜோதி நிமிர்ந்தாள். இந்த ஐந்து நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை, வசவு வேடத்தில் வந்து நின்றது.

எட்டு ரூமிலும் படுத்தவர்கள் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். இது ஒரு கேள்வியா என்பதுபோல லூர்துராணி பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்காராமல் மூன்றாம் பந்தியிலா உட்காருவார்கள்? அதோடு தன் இன்னொரு குறையையும் இறக்கிவைத்தாள். சமையல் ஆட்கள் கை கழுவும் இடத்தில் அவள் வைத்திருந்த சோப்புகளை எல்லாம் செல்லக்கண்ணு எடுத்து வீசச் சொல்லிவிட்டாராம். போட்டோவில் பார்த்தால் பிச்சைக்காரத்தனமாக இருக்கிறதாம். அந்த இடத்தில் சானிடைசர் பாட்டில்களை வரிசையாக வைத்தார்களாம். இரண்டு பாட்டில் இன்னும் அங்கேயே இருந்தது. ஒவ்வொன்றிலும் செல்லக்கண்ணுவின் படம், கைகூப்பிய கோலத்தில்.

தயிர்சாதம் நாலு பந்திக்கும் போனது. சாம்பாரும் ரசமும் அப்படித்தான். முதல் பந்திக்கு மட்டும் தனியாக ஒன்று உண்டு. அது ஜோதிக்குத் தெரியும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். விளம்பர நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறது.

முதல் பந்தியில் இலை போட்டதும் முதல் இனிப்பைச் செல்லக்கண்ணு தன் கையாலேயே வைப்பார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, பின்னால் தாம்பாளம் ஏந்த ஒரு ஆள், பக்கவாட்டில் வீடியோக்காரர். இருநூறு இலை, இருநூறு பாதுஷா, ஒவ்வொன்றுக்கும் ஒரு புன்னகை. கரண்டி எதற்கு இருக்கிறது என்று ஒரு பெண் வீட்டுக்காரர் கேட்டதற்கு, “கரண்டி வழியா அன்பு எறங்காதுங்க” என்று பதில் சொன்னவர் அவர். ஒவ்வொரு தடவையும் தாம்பாளத்திலிருந்து முதல் பாதுஷாவை எடுத்துத் தம்பி சரவணன் வாயில் ஊட்டிவிட்டுத்தான் பந்திக்குள் நுழைவார். அது கைராசி.

இரண்டாம் பந்தி முதல் அவரைப் பார்க்க முடியாது. அந்தப் பந்திகளில் இடுக்கிதான் இனிப்பை வைக்கும். அன்பு இறங்கியதோ இல்லையோ, அங்கே உட்கார்ந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

குட்டியானை காவிரிப் பாலத்தில் ஏறியபோது மணி பன்னிரண்டு. முன்னால் ஒரு பஸ் மக்கர் செய்து நின்றதில் வண்டிகள் நகரவில்லை. பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று முட்டி முனகின. ஜோதி தான் கண்டதைச் சொல்லி முடித்தாள். கை கழுவாத ஆள் யார், முதல் பந்தியில் கை வைத்த ஆள் யார் என்று அவள் கேட்கவே இல்லை. அது தானாகவே வண்டிக்குள் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மணிக்கு ரிப்போர்ட் வந்துவிட்டால் அவன் அண்ணன் கொடுத்த டப்பாவே உண்மையைச் சொல்லிவிடும் என்றாள் அவள்.

சரவணன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, சொல்லாது என்றான்.

“ஏன் சொல்லாது?”

“ரெண்டு டப்பாவும் என்னோடதுதான்.”

பிறகு விவரம் துண்டு துண்டாக வந்தது. செவ்வாய்க்கிழமை அண்ணன் அவனைக் கொல்லைப்புறம் கூப்பிட்டாராம். முதலாளி டப்பாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான் என்று நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாது. உன்னுடையது எப்படியும் சுத்தம்தானே, அதையே இரண்டாகப் பிரித்தால் என்ன குறைந்து போய்விடும் என்றாராம். அண்ணன் தம்பி சொத்தைப் பாகம் பிரிப்பது உலகத்தில் உள்ள வழக்கம். உறையூரில் இப்படியும் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது, அதுவும் சண்டை சச்சரவு இல்லாமல்.

“நான் அந்தாளு முன்னாடி நின்னு கும்பிடப் போறேன்னு தெரிஞ்சுதான் பண்ணீங்களா?”

சரவணன் ஹாரன் அடித்தான். முன்னால் நின்ற பஸ்ஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்போது அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மாலையில்தான் எடுத்தார் என்றான். மாலையில் எடுத்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு மறுபடி ஹாரன்.

திங்கட்கிழமை ராத்திரி தனக்கும் வயிறு இரண்டு முறை கலக்கியதென்றும், யாரிடமும் சொல்லவில்லையென்றும் பாலம் இறங்கும்போது சேர்த்துச் சொன்னான். ஆனால் டப்பா விஷயம் வெளியே தெரிந்தால் கேஸ் ஆகிவிடும், ஜெயிலுக்குப் போவது அண்ணன் இல்லை, நான்தான் என்றான். அவள் கையைப் பிடித்தான். சமயபுரத்தாள்மேல் சத்தியம் கேட்டான்.

“அந்த ரெண்டு டப்பாவப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?” என்றாள் ஜோதி. கையை உருவிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு முன்பே கூடத்தில் நாற்காலி போட்டாயிற்று. நடுவில் செல்லக்கண்ணு, சலவைச் சட்டை, பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிய சுவருக்கு நேர் கீழே. எதிரில் மதுரைவீரன். வாழைத்தார் ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. மெதுவாகப் பேசினாலே தெருவில் இரண்டு வீடு எழுந்து வரும்.

“என் சம்பந்தி என்ன கேட்டாரு தெரியுமா? பொண்ணு குடுத்தீங்களா, பேதி மாத்திர குடுத்தீங்களான்னு கேட்டாரு. யாரு தப்பு பண்ணதோ அவங்க முசிறிக்கு வந்து அவர் முன்னாடி நிக்கணும். அவ்வளவுதான்.”

செல்லக்கண்ணு தலையை ஆட்டி, ஜோதியைப் பார்த்துக் கையைக் காட்டினார். பலியாட்டை முன்னால் ஓட்டிவிடுகிற சைகை. “வாம்மா. சொல்லு.”

“ரிப்போர்ட் வரட்டும் மாமா” என்றாள் ஜோதி.

கூடத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. செல்லக்கண்ணுவின் மனைவி ராசாத்தி, வாய் நீளுதே உனக்கு என்றாள். சரவணன் தரையில் ஏதோ எறும்பைத் தேடினான். அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

சகாயநாதன் சாப்பாட்டுப் பையும் ஃபைலுமாக வந்து உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்று முந்திக்கொண்டார். இந்த வீட்டில் எதையும் வாயில் வைப்பதாக உத்தேசமில்லை என்பதை அவ்வளவு மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது.

“தயிர்ல ஒண்ணுமில்லீங்க. தயிர்ல இருக்க வேண்டியது மட்டும்தான் இருக்கு. நல்லாவே உறைஞ்ச தயிர்.”

ஜோதி சுவரில் சாய்ந்துகொண்டாள். செல்லக்கண்ணு, இரண்டு நாள் பிரிட்ஜில் இருந்த தயிரைச் சோதித்து என்ன தெரியும் என்று ஆரம்பித்தார். சகாயநாதன் காதில் வாங்காமல் அடுத்த தாளைப் புரட்டினார். இது நோரோ என்கிற வைரஸ், தயிர் புளித்ததாலோ பால் திரிந்ததாலோ வருவதில்லை, மனிதக் கழிவிலிருந்து கை வழியாக வாய்க்குப் போவது என்றார். பதினாலு பேரில் பன்னிரண்டு பேரிடம் இல்லை, ஜோதியிடமும் இல்லை. இரண்டு பேரிடம் இருக்கிறது.

“ஒண்ணு, சரவணன். இன்னொண்ணு, செல்லக்கண்ணு.”

செல்லக்கண்ணு சிரித்தார். பெரிய மனிதர்கள் சின்ன மனிதர்களின் பிழையை மன்னிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. “என்னோடதுல இருக்க வாய்ப்பே இல்லீங்க.”

“அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

நல்ல கேள்வி. அதற்கு உண்மையான பதிலைச் சொல்லத் தகுதியான இருவரும் கூடத்தில்தான் இருந்தார்கள். செல்லக்கண்ணுவின் பார்வை தம்பிமேல் போய், அவன் கவிழ்ந்த தலையில் நின்றது. சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனது. தம்பியின் குடலை நம்பித் தன் பெயரை ஒட்டியிருக்கிறார். அந்தக் குடல் காலை வாரிவிட்டது. என்னுடையது இல்லை என்று சொன்னால் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

ஆனாலும் மைக் பிடித்துப் பழகியவர் அல்லவா. சட்டென்று வண்டியைத் திருப்பினார். தம்பிதான் அடுப்படியில் நின்றவன், எல்லாவற்றையும் தொட்டவன். அவனிடம் இருக்கிறதென்று ரிப்போர்ட்டே சொல்கிறது. அவனிடமிருந்துதான் ஏதோ தன் டப்பாவிலும் ஒட்டியிருக்கும். அதனால் சரவணனும் அவன் பெண்டாட்டியும் இன்றோடு கம்பெனியை விட்டு விலகிக்கொள்வார்கள், முசிறிக்கு வந்து சம்பந்தி காலில் விழுவார்கள். இது என் வாக்கு என்று மதுரைவீரனிடம் கைநீட்டினார். மதுரைவீரன் அந்தக் கையைப் பார்த்தார், தொடவில்லை.

சரவணன் தலை நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் இப்படிக் குனிந்து நிற்பதை ஜோதி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

அப்போதுதான் ராசாத்தி புருஷனுக்குத் துணையாகக் களத்தில் இறங்கினாள்.

“அவரு ஒடம்பு அவ்வளவு சுத்தம் சார். கல்யாணத்துக்கு முந்துன நாளே உள்ள இருந்த கழிவு பூரா தானா வெளியேறிடுச்சு. ஒம்போது தடவ. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒரு மாத்திர போடல. மறுநாள் காலையில எப்படி நின்னாரு பந்தியில, ராஜாவாட்டம்.”

சகாயநாதன் பேனாவைக் கையில் எடுத்தார்.

செல்லக்கண்ணு மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருடத் தாம்பத்தியம் கருகியிருக்கும். அவளோ இன்னும் பெருமையாகத்தான் நின்றாள்.

“ஒம்போது தடவ” என்றார் சகாயநாதன், எழுதிக்கொண்டே. “அதுக்கப்பறம் கையக் கழுவுனீங்களா?”

சானிடைசர் போட்டேன் என்றார் செல்லக்கண்ணு. பாட்டிலில் தன் படம் இருப்பதைச் சொல்லாமல் விட்டது, அவர் வாழ்க்கையில் முதல் அடக்கம்.

“அதுக்கு இந்த வைரஸ் அசையாதுங்க. சோப்புப் போட்டு, தண்ணியில தேச்சுக் கழுவணும். கழுவுனாலும் பேதி நின்னு ரெண்டு நாளைக்குச் சாப்பாட்டப் பக்கமே போகக் கூடாது. உங்க குடல்ல ராணுவம் இருக்குன்னு பேசுவீங்களாமே, நல்லதுதான். அதனால உங்களுக்கு ஒரு நாள்ல தெளிஞ்சிருக்கும். ஆனா தெளிஞ்ச ஆளுகிட்டேருந்து ரெண்டு வாரம் வரைக்கும் கிருமி வெளிய வந்துகிட்டே இருக்கும். உங்க எதிர்ப்பு சக்தி உங்களத்தான் காப்பாத்தும், உங்க எதுக்க எல போட்டு உக்காந்தவன இல்ல. அந்த நல்ல பாக்டீரியாவுலயே சிலது இந்த வைரஸுக்கு ஏணி வச்சுக் குடுக்குதோன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்கு.”

மதுரைவீரன் மெதுவாக எழுந்தார். ஏலக்குரல் எங்கோ போய், காற்று மட்டும் வந்தது. “அந்தக் கையாலதானே என் சம்பந்தி எலையில பாதுஷா வச்சே? என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வாயில ஊட்டிவிட்டு போட்டோ எடுத்தியே.”

மூன்றாம் பந்தியில் இரண்டு முறை தயிர்சாதம் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஜோதி அப்போது சொன்னாள். படுத்தவர்கள் அத்தனை பேரும் முதல் பந்தி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை.

செல்லக்கண்ணு துண்டை உதறினார். தப்பிக்க வழியில்லாத பெரிய மனிதர் கடைசியாகப் பிடிக்கும் கிளை சவால்தான். அவரும் அதைப் பிடித்தார். இந்த ரிப்போர்ட்டே பொய். சோதனைச்சாலையில் டப்பா மாறியிருக்கும். “வேணும்னா என் குடல மறுபடி சோதிச்சுப் பாருங்க. நான் சவால் விடுறேன்.”

இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. கேட்டவர்கள் சமாதானமாகி, அட உட்காருங்க என்று சொல்லவேண்டிய இடம். சகாயநாதன் பையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்தாங்க. நானும் காத்துக்கிட்டு இருக்கேன்.”

செல்லக்கண்ணு டப்பாவைப் பார்த்தார். அவர் கழுத்து, பழக்கதோஷத்தில், தம்பி பக்கம் திரும்பியது. சரவணன் கால்கூட ஒரு அடி முன்னால் வந்துவிட்டது.

“சார்” என்றாள் ஜோதி. “இந்தத் தடவ கதவுக்கு வெளிய நீங்களே நில்லுங்க.”

சகாயநாதன் அவளைப் பார்த்தார், பிறகு சரவணனை. இருபது வருடம் ஹோட்டல் சமையலறைகளில் நுழைந்து வெளிவந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து, டப்பாவைச் செல்லக்கண்ணுவின் கையில் கொடுத்து, வழி எங்கே என்று கேட்டார்.

கொல்லைப்புறக் கழிப்பறைக்குள் ‘குடல் நலச் செம்மல்’ போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே நாற்காலி போட்டு ஆய்வாளர் உட்கார்ந்தார். பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு மதுரைவீரன். பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. வெந்நீர் கொண்டுபோகிறேன் என்று ராசாத்தி சொம்போடு பின்பக்கச் சந்துக்குப் போனாள். அங்கே கழிப்பறையின் சின்ன ஜன்னல் இருக்கிறது.

திரும்பி வந்தபோது சொம்பு இல்லை. முந்தானைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜோதியைக் கைபிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சரவணனும் பின்னாலேயே வந்தான்.

முந்தானை விலகியது. வெள்ளை டப்பா. காலி.

“ஜோதி, என் தங்கமில்ல” என்றாள் ராசாத்தி. பதினோரு வருடத்தில் கேட்டறியாத வார்த்தை அது. “அவருக்குப் பயம் வந்துடுச்சு. தம்பியோடதும் கெட்டுப்போச்சு. உன்னோடது ஒண்ணுதான் சுத்தம்னு அந்தாளே படிச்சுட்டாரே. ஒரே ஒரு தடவ குடுத்துடு. யாருக்கும் தெரியாது. உன் தயிர் உனக்கே, மாமா சொல்லச் சொன்னாரு.”

ஜோதி புருஷனைப் பார்த்தாள். இந்த ஒரு நொடிக்காகவாவது அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள்.

“அண்ணன் மானம் ஜோதி” என்றான் சரவணன். “ஒரு தடவதானே.”

காலையில் அவள் தயிர் விஷம். மாலையில் அவள் மலம் பிரசாதம். இந்தக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மரியாதை இதுதான் என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். ராசாத்தியின் முகத்தில் உயிர் வந்தது. சரவணன் பெருமூச்சு விட்டான்.

ஜோதி அவர்களைத் தாண்டி நடந்தாள். கூடத்தையும் தாண்டினாள். ஏய் எங்க போற என்று சரவணன் அடிக்குரலில் கூப்பிட்டது முதுகில் பட்டு விழுந்தது. கழிப்பறை வாசலில் நின்று, சகாயநாதனின் திறந்திருந்த ஃபைல்மேல் டப்பாவை வைத்தாள்.

“இத எங்கிட்ட நிரப்பித் தரச் சொல்றாங்க சார்.”

மதுரைவீரன் டப்பாவைப் பார்த்தார், தாழிட்ட கதவைப் பார்த்தார். சகாயநாதன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கதவை இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார்.

“அய்யா, டப்பா வெளிய வந்துடுச்சு. நீங்க எப்ப வர்றீங்க?”

உள்ளே குழாய் முழுசாகத் திறந்துவிடப்பட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே, ஜன்னல் கம்பியை யாரோ பிடித்து உலுக்குகிற சத்தம் கேட்டது.